புறம்போக்கு யாருக்குச் சொந்தம்?

"புறம்போக்கு" என்பதை ஏசும் சொல்லாகவே தோழியர் பலர் அறிவர். வரிக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலமே அது. குளம், மந்தை, சுடுகாடு, நம் சின்னாளப்பட்டி நெசவாளர் பாவு நீட்டும் தெருவும்கூட அதில் அடங்கும்.

இதனை ஊராட்சி விரும்பியவருக்கு விட்டுவிடலாமா? பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து ரோஹர் ஜாகீர் கிராமத்தில், சிலர் ஊர்க்குளத்தை மண்ணிட்டு மூடி வீடு கட்டினர். பஞ்சாயத்தாரே அவர்களுக்கு உடந்தையாயினர்! நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடும்படி மாவட்ட ஆட்சியரும் உத்தரவிட்டார். 2007-இல் மாநில அரசும் அனுமதிக் கடிதம் கொடுத்தது.

உச்ச நீதிமன்றம் 28-1-2011 அன்று இவற்றை ஏற்க மறுத்தது. நெடுங்காலம் குடியிருந்தோம், பெரும்பொருள் செலவழித்தோம், அரசியல் செல்வாக்கு உண்டு என்பனவெல்லாம் சாக்காகா என்றது. இத்தகைய ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அத்தீர்ப்பில் மந்தைவெளி, களம் என்னும் நம் சொற்களும் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. (சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டையே உண்டு, அங்கே இன்று மாடு மேய்க்க இடமேது?)

விதிவிலக்கும் உண்டு. நிலமற்ற உழைப்பாளர்க்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் அரசாணைப்படி அளித்த குத்தகையையும், ஏற்கெனவே பள்ளிக்கூடமோ மருந்தகமோ நடக்கும் இடத்தையும் முறைப்படுத்தலாம். தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.