குறுக்கெழுத்துப் புதிரும் அதற்கு நாடும் துணையும்

நாளேட்டைக் கையில் எடுத்ததும் முதற்பக்கச் செய்திகளைத் தள்ளிவிட்டு, கறுப்பும் வெளுப்புமான கட்டங்களைத் தேடிச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். கட்டங்கள் பாதி நிரம்பும். பிறகு எழுதுகோல் நின்றுவிடும். அந்நிலையில் பிறரைத் துணைக்கு அழைக்கலாமா, அழைத்தால் நம் திறமைக்கு இழுக்கா என்ற ஐயம் எழுவது இயல்பே. துணை கேட்பது இழுக்கன்று; கேட்கும் முறை ஒன்று உண்டு, கொடுக்கும் முறை ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இன்று நாம் அறிந்துள்ள குறுக்கெழுத்துப் புதிர், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வோர்ல்டு' என்னும் அமெரிக்கச் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பவரால் வெளியிடப்பட்டது. எனினும், சொல்லைக் கட்டத்தில் அடைத்து விளையாடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்று குறிப்பிடுகிறது. திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்று, கட்டங்களில் எழுதிப் பல திசைகளிலும் படிக்கத்தக்க சருப்பதோபத்திரம், எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தரும் அக்கரச்சுதகம் ஆகியவற்றையெல்லாம் சித்திரகவி என்ற பெயரால் நம் முன்னோர் வகுத்துள்ளனர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையுமே மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார்.

எல்லாப் புதிரும் ஒரு தன்மையன அல்ல. 1930களில் 'ஆனந்த விகடன்' நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ் வாசகரிடையே பெரும் ஆர்வத்தைக் கிளப்பின. பரிசுப் போட்டிகள் நாடெங்கும் பெருகிய காலம் அதன்பின் வந்தது. அவற்றுள் ஒரு வகையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். "இல்லத்தில் இது இருந்தால் இன்பம்" என்பது குறிப்பு, மூன்று கட்டங்கள், பின்னிரண்டில் 'ணம்' என்பது முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். விடை 'பணம்' ஆகலாம். 'குணம்' எனினும் பொருந்தும். எது சரி என்பது போட்டி நடத்துவோர் வைத்திருக்கும் விடைத்தாளைப் பொறுத்தது. இங்கே தமிழ்ப் புலவரைத் துணைக்கு அழைத்தாலும் பயனில்லை. ஊகத்துக்கு யார் துணை செய்ய முடியும்?

இந்த வேறுபாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதில் பெங்களூருக்கும் பங்குண்டு. 'ஆர்.எம்.டி.சி. கிராஸ்வேர்ட்ஸ்' என்ற பரிசுப் போட்டி, பெங்களூரில் அச்சாகி வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் வார இதழின் வாயிலாக நடைபெற்றது. பம்பாய் மாகாணம் அதன்மீது வரி விதிக்க, வழக்கு எழுந்தது. இதற்கிடையில், எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் கோக்கும் பரிசுப் போட்டிகளை ஒழுங்குபடுத்த 1955இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு மாதத்தில் தரும் பரிசுகளின் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டலாகாது என்று அது விதித்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதின் தன்மை கொண்ட போட்டி வணிகமெனக் கருதி அரசமைப்பின் பாதுகாப்பைக் கோர இயலாது என்றும், வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்து அமையும் போட்டிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை பொருந்தாது என்றும் அறிஞர் பெருமக்கள் பகுத்துரைத்தனர்.

இப்பகுப்பு நமக்கு ஓர் உரைகல்லாகும். விடைக்குக் காரணம் காட்ட இயலுமாயின் அது புதிர்; இயலாதாயின் அது சூது. காரணம் உள்ள இடத்தில்தான் துணைக்கும் இடம் உண்டு.

இனி, துணைகளை ஒவ்வொன்றாகக் காண்போம். முதல் துணை புதிருக்குள்ளேயே இருக்கிறது. "வானில் தேய்ந்து வளர்வது" என்ற குறிப்புக்கு இரண்டு கட்டமாயின் நிலா, மதி, மூன்றாயின் நிலவு, நான்காயின் அம்புலி, திங்கள், ஐந்தாயின் சந்திரன். நான்கு கட்டத்தின் ஈற்றில் குறுக்கே வரும் சொல் 'ள்' என்ற எழுத்தைத் தருமாயின் திங்கள் என்பது உறுதியாகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் நிற்கக்கூடியவை 26 எழுத்துகளே, தமிழிலோ 247. ஆதலால் தமிழ்ப் புதிரில் தெரிந்த ஓரெழுத்து மிகப் பல சொற்களை ஒரே வீச்சில் விலக்கிவிடுகிறது.

இலக்கணமும் துணை நிற்கும். ண, ன, ழ, ள, ற முதலிய எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. நாம் நிரப்பிய சொல்லின் நடுவிலுள்ள 'ண', கீழ்நோக்கிச் செல்லும் சொல்லின் முதற்கட்டத்தில் விழுந்தால் நம் விடை தவறென்று அறியலாம். யாரும் சொல்லாமலே நன்னூல் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் துணை நூல்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் தரும் ஒரு சொல்லை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்குகிறது. இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து திகைப்பவருக்கு இதனினும் பொருத்தமான நூல் வேறேது? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இன்று கைப்பேசியிலும் பார்க்கலாம்.

மூன்றாம் துணை மனிதர். மறைபொருட் குறிப்புகளுக்கு இத்துணையே சிறந்தது. "ஒன்று முன்னே நிற்க விதை பாட்டாகும், மூன்றெழுத்து" என்று ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். தமிழ் எண் வடிவில் ஒன்றைக் 'க' என்று எழுதுவர் என்பதை அறிந்த முதியவர் ஒருவர் அருகிருந்தால், க முன்னே நிற்க விதை 'கவிதை' ஆவதை நொடியில் காட்டிவிடுவார். "நகரம் நிலைகுலைந்தால் பாவிகள் சேருமிடம், நான்கெழுத்து" என்பது மற்றொன்று. நகரத்தின் எழுத்துகளை இடம் மாற்ற, 'நரகம்' தோன்றும். கன்னடத்தில் இந்த வேடிக்கை எடுபடாது. 'நகர' என்பதில் வரும் ககரம் ஓரெழுத்து, 'நரக' என்பதில் வருவது வேறெழுத்து. நம் எழுத்தின் தனித்தன்மை அண்டை மொழியோடு ஒப்பிடும்போது நன்கு விளங்குகிறது.

அண்டை மொழி துணையும் செய்யும். கன்னட நாளேடுகள் இப்புதிரைப் 'பதபந்த' என்ற பெயரால் வெளியிடுகின்றன. கன்னடத்தில் ஹாலு, ஹூவு, ஹெசரு, ஹத்து என்று வழங்குவன தமிழில் பால், பூ, பெயர், பத்து. இந்த ஹகர பகர மாற்றத்தை ஒருமுறை உணர்ந்த பிள்ளை, பள்ளியில் கற்ற கன்னடச் சொல்லைக் கொண்டே மறந்துபோன தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடிக்கும்.

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தைப் போன்ற பகுதிகளில் இது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. மல்லேசுவரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் அண்மையில் உள்ள இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2014 முதல் மெட்ரோ இரயிலும் இங்கு நின்று செல்கிறது. பிள்ளைகள் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் பள்ளியில் கற்கின்றனர். பல வீடுகளில் தமிழ் செவிக்குரிய மொழியாகவே நின்றுவிட்டது. பாட்டிக்கு உரலும் உலக்கையும், முறமும் சுளகும், நாற்றும் களமும் பெயரோடு தெரியும். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம். பேரனுக்கு எழுத்துத் தெரிந்திருக்கலாம், சொல் தெரியாது. "தானியம் புடைக்க உதவுவது, மூன்றெழுத்து" என்று பேரன் படிக்க, "முறம்" என்று பாட்டி சொல்ல, அவன் கட்டத்தில் எழுதுகிறான். இருவரில் ஒருவர் இல்லையேல் அக்கட்டம் வெறுமையாகவே கிடக்கும். நூலகமும் அகராதியும் செய்ய இயலாத ஒரு செயல் அங்கே நடைபெறுகிறது. வீட்டின் சொல் ஒன்று அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது.

ஆகவே கேட்போருக்கு ஒரு சொல்: "விடை என்ன?" என்று கேளாதீர், குறிப்பு, எழுத்தெண்ணிக்கை, தெரிந்த எழுத்துகள் ஆகிய மூன்றையும் கூறி, "இதை எப்படிப் பார்ப்பது?" என்று கேளுங்கள். கொடுப்போருக்கும் ஒரு சொல்: விடையை உடனே உடைத்துவிடாதீர். முதலில் குறிப்பின் எந்தச் சொல் பொருளைச் சுட்டுகிறது என்று காட்டுங்கள். அதுவும் போதாதெனில் ஓரெழுத்துத் தாருங்கள். இறுதியிலேயே விடையைக் கூறி, அதற்குரிய காரணத்தையும் விளக்குங்கள். விடை மட்டும் பெற்றவர் மறுநாளும் அதே இடத்தில் நிற்பார். காரணம் பெற்றவர் மறுநாள் பிறருக்குத் துணை செய்வார்.

நாளேடு மாலைக்குள் பழந்தாளாகிவிடும். அதன் ஒரு மூலையில் பாட்டியும் பேரனும் சேர்ந்து நிரப்பிய சொல் மட்டும் பழையதாகிவிடாது. அது அப்பிள்ளையின் மொழியில் ஒரு பகுதியாக நிலைத்துவிடும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதனினும் மலிவான தமிழ்ப் பள்ளி கிடைப்பது அரிது.