இலவச இணையத் தொலைக்காட்சி: எது கிடைக்கும், எது கிடைக்காது?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலும் அதன் அயற் குடியிருப்புகளிலும் மாலையானால் பல வீடுகளில் ஒரே முறைப்பாடு கேட்கின்றது. செய்தி பாதியில் நின்று விட்டது. கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் திரையில் வட்டம் மாத்திரம் சுழல்கின்றது. நேற்றுவரை வந்த அலைவரிசை இன்று வரவில்லை. கூரை மேலிருந்த அன்டெனாவைக் கழற்றிவிட்டு, "இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றதே" என்று நம்பியவர்களே பெரும்பாலும் இவ்வாறு முறையிடுகின்றனர். அவர்களது ஏமாற்றம் நியாயமானது. ஆனால் இணையத் தொலைக்காட்சி எவ்வாறு இயங்குகின்றது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே நமது எண்ணம்.

திருகோணமலை மக்களுக்கு ஒலிபரப்பு புதிய விடயமன்று. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1980களில் இங்கு ஓர் அஞ்சல் நிலையத்தை அமைத்து, சிற்றலை வழியே ஆசிய நாடுகளுக்குத் தன் நிகழ்ச்சிகளை அனுப்பி வந்தது. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தகைய கோபுரத்துக்கு எத்தனை பேர் கேட்கின்றார்கள் என்பது ஒரு பொருட்டேயல்ல. ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அதே மின்சாரம், அதே அலை. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிய ரூபவாஹினியும் அப்படித்தான் நம் வீடுகளுக்கு வந்தது.

இணையத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகின்றது. நேரலை எனப்படும் காட்சி சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் கருவிக்கு வந்து சேர்கின்றது. அடுத்த துண்டு உரிய வேளைக்கு வராவிடில் வட்டம் சுழல்கின்றது. பார்ப்போர் பெருகப் பெருக அனுப்புபவரின் செலவும் பெருகும். 2023 நவம்பர் 19இல் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை இந்தியாவின் ஹொட்ஸ்டார் செயலியில் ஒரே வேளையில் 5 கோடியே 90 இலட்சம் பேர் வரை பார்த்தனர். அதற்கு ஈடுகொடுக்கப் பெரும் முதலீடு வேண்டும். எங்கோ ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து ஆயிரம் அலைவரிசைகளை 'இலவசமாக'த் தருவதாகச் சொல்பவரிடம் அந்த முதலீடு கிடையாது. ஆகவேதான் முக்கியமான ஆட்டத்தின் முக்கியமான கணத்தில் அது விழுந்து விடுகின்றது.

இலவசம் என்ற சொல்லையும் சற்று அலசிப் பார்ப்போம். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் காட்சி ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 450 மெகாபைட் டேட்டாவை விழுங்கும். தெளிவான படம் வேண்டுமென 3 மெகாபிட்டுக்கு உயர்த்தினால் மணித்தியாலத்துக்கு 1.35 ஜிகாபைட். எட்டு மணித்தியாலம் நீளும் ஒரு நாள் கிரிக்கெட் ஆட்டத்தை இவ்வாறு பார்த்து முடிக்கையில் 10 ஜிகாபைட்டுக்கு மேல் தீர்ந்திருக்கும். அலைவரிசைக்குக் கட்டணம் இல்லை. டேட்டா பொதிக்கு உண்டு. அதிலும் யூடியூப்பிற்கு மாத்திரமெனக் குறைந்த விலையில் விற்கப்படும் பொதி வேறு இணையத்தளத்தில் ஓடும் நேரலைக்குச் செல்லாது. இதனை அறியாமல் மீள்நிரப்பிய பணம் ஓரிரவில் கரைந்து போனதாக நம்மிடம் குறைப்பட்டோர் பலர்.

இனி, காட்சி தடைப்படும்போது கோளாறு எங்குள்ளது என்பதை எவ்வாறு கண்டறிவது? தொழில்நுட்பவியலாளரை அழைப்பதற்கு முன் வேறோர் அலைவரிசையைத் திறந்து பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் உங்கள் இணைப்பில் குறையில்லை. முன்னையதை அனுப்புபவரிடமே குறை. எல்லாமே தடுமாறினால், வீட்டு வைஃபையை நிறுத்திக் கையடக்கத் தொலைபேசியின் சொந்த டேட்டாவில் அதே காட்சியைப் பாருங்கள். அதில் ஓடினால் ரவுட்டரில் அல்லது அதற்கு வரும் இணைப்பில் பிழை. இரண்டு சுவர்களுக்கு அப்பால், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை மட்டும் தடுமாறினால் அது அயலெங்கும் ஒரே வேளையில் பார்ப்பதால் ஏற்படும் நெரிசல். அவ்வேளையில் படத்தின் தரத்தை 480 அல்லது 360க்குத் தாழ்த்துவதே உடனடிப் பரிகாரம். சிறிய திரையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று கருவியின் கடிகாரம். நீண்ட மின்வெட்டின் பின் சில பெட்டிகளில் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று விடுகின்றது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஏற்படாது. எல்லா அலைவரிசைகளும் செத்தது போலிருக்கும். திகதியைச் சரிசெய்தால் அனைத்தும் உயிர் பெறும். அதற்கும் அசையாவிடில் கருவி பழையதாகி, அதன் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு நின்று போயிருக்கலாம். தொலைக்காட்சியை மாற்ற வேண்டியதில்லை, சிறிய பெட்டியொன்றை இணைத்தாலே போதும்.

"உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற வாசகம் தோன்றினால் அது கோளாறே அல்ல. விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகின்றது. 2023இல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகத் தந்தபோது அது இந்தியாவுக்குள் இருந்தோருக்கு மட்டுமே கிடைத்தது. பாக்குநீரிணைக்கு இப்பால் இருந்த நமக்கு அல்ல. இந்தத் தடையைத் தாண்டக் கள்ள இணைப்புகளை நாடுவோர் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அத்தகைய ஒளிபரப்பை அனுமதிக்கவில்லை. மேலும், அந்தத் தளங்கள் 'பார்ப்பதற்கு முன் இதனை நிறுவுக' என்று தரும் செயலி, தொலைபேசியிலுள்ள வங்கி விபரங்களைத் தேடி வந்ததாகவும் இருக்கலாம். இலவச அலைவரிசைக்கு வங்கி அட்டையின் இலக்கம் எதற்கு?

முஸ்லிம் வாசகர்களுக்கு நோன்புக் காலத்தில் இவ்விடயம் பொழுதுபோக்குடன் நின்று விடுவதில்லை. இணைய நேரலை உண்மையில் நேரலையன்று. அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தியே வருகின்றது. அதைவிட முக்கியமானது, கொழும்பிலிருந்து ஒளிபரப்பாகும் அதான் கொழும்புக்குரியது. திருகோணமலை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 1.4 பாகை தீர்க்கரேகைத் தூரத்தில் இருப்பதால் இங்கு சூரியன் சில நிமிடங்கள் முந்தி உதிக்கின்றது, முந்தி மறைகின்றது. மஃரிபுக்குக் கொழும்பு அதானை எதிர்பார்த்திருந்தால் நோன்பு திறப்பது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் சுபஹ் அதான் வரும்வரை ஸஹர் உண்பவருக்கோ இங்கு நேரம் ஏற்கெனவே கடந்திருக்கும். இதற்கு உள்ளூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையே வழிகாட்டி. அதுபோல 'மக்கா நேரலை' என்ற பெயரில் பழைய பதிவுகளை ஓட்டும் தளங்களும் உள்ளன. இங்கு நண்பகல் 12 மணியாயின் அங்கு காலை 9.30. அவ்வேளை திரையில் இருண்ட வானம் தெரிந்தால் அது பதிவென்று உடனே கொள்ளலாம்.

நமக்குக் கவலை தருவது வேறொன்று. கோபுரத்திலிருந்து வரும் அலையை விட இணைய வழி எளிதில் அடைபடக் கூடியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறைகளின் போது பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் யூடியூப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 3இல் மீண்டும் ஒரு தடை. தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் செய்திக்காக மிகவும் தவித்த நாட்களே அவை. தடைகளின் நியாய அநியாயம் தனியே பேசப்பட வேண்டியது. யூடியூப் வழியே மட்டும் செய்தி பார்க்கப் பழகிய வீட்டில் அன்று என்ன இருந்தது என்பதே இங்கு நம் வினா.

அரசாங்கம் தடுக்காவிடினும் இயற்கை தடுக்கும். 2004 சுனாமியில் திருகோணமலைக் கரையோரம் முன்னறிவிப்பின்றி அழிந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்கு விரைந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கிய வேளையில் நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. மின்சாரம் போனால் ரவுட்டர் போய்விடும். கைபேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். போர்க் காலத்தில் மின்கலங்களை வெயிலில் காயவைத்துச் சிற்றலையில் லண்டன் தமிழோசையைக் கேட்ட தலைமுறை நம்மிடையே இன்னும் உண்டு. அந்தச் சிற்றலைச் சேவையும் 2017 ஏப்ரலுடன் நிறுத்தப்பட்டு விட்டது.

ஆகவே இணைய அலைவரிசைகளை வேண்டாமென்று நாம் கூறவில்லை. உள்நாட்டுத் தமிழ் அலைவரிசைகளும் ஆலய உற்சவங்களும் அவற்றின் உத்தியோகபூர்வ யூடியூப் பக்கங்களில் கிடைக்கும்போது தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கூரை அன்டெனா துருப்பிடித்திருந்தால் அதனை எறிந்துவிடாமல் கம்பியை மாற்றுங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றை வீட்டில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் மட்டுமன்றி, சுவரிலும் எழுதி வையுங்கள்.