குதிரை மேல உட்கார்ந்தா நடை வருமா? ஹிப்போதெரபி பற்றி ஓசூர் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஓசூருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு ரொம்ப பழசு. மத்திகிரியில் இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கும் இடத்தில், 1824-ல் தொடங்கப்பட்டது ஆங்கிலேயப் படைக்கான குதிரைப் பண்ணைதான். அன்று படைக்குத் தேவைப்பட்ட குதிரை, இன்று நடக்க முடியாத குழந்தைகளின் சிகிச்சைக்கும் பயன்படுகிறது.

ஓசூரில் இருந்து எல்லை தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே குதிரைவழி சிகிச்சை தரும் மையங்கள் உண்டு. வீட்டில் நடக்க முடியாத பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு, ‘அங்க கூட்டிட்டுப் போனா நடந்துடுவானா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. பதிலைப் பார்ப்போம்.

ஹிப்போதெரபி என்றால் என்ன?

‘ஹிப்போஸ்’ என்றால் கிரேக்க மொழியில் குதிரை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், குதிரையின் அசைவை ஒரு சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்துவதே ஹிப்போதெரபி. மாற்றுத்திறனாளிக்கு குதிரை ஓட்டவே கற்றுக்கொடுப்பது ‘தெரபியூடிக் ரைடிங்’. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது சிகிச்சை. இரண்டாவது உடலுக்கும் மனசுக்கும் நல்லது செய்யும் பயிற்சி.

குதிரை நடையில் அப்படி என்ன இருக்கு?

குதிரை மெதுவாக நடக்கும்போது, மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து, லேசாகத் திரும்பவும் செய்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்று வைத்தால், பத்தே நிமிடத்தில் ஆயிரம் முறை அந்த அசைவு கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் விழாமல் நிமிர்ந்திருக்க முதுகு, வயிற்றுத் தசைகள் வேலை செய்கின்றன. குதிரையின் உடல் சூடு மனிதருடையதை விட சற்று அதிகம். அந்த வெதுவெதுப்பும் சீரான ஆட்டமும் இறுகிய தொடைத் தசைகள் தளர உதவுகின்றன.

இதை உலகம் கவனித்தது எப்போது?

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944-ல் போலியோவால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. குதிரை மீது ஏற அடுத்தவர் உதவி வேண்டும். ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு, ‘டிரெசாஜ்’ குதிரையேற்றப் பிரிவில் வெள்ளி வென்றார். 1956-லும் வெள்ளி. அதன்பின் ஐரோப்பாவில் இந்தப் பயிற்சி வேகமாகப் பரவியது. 1996 முதல் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் உண்டு.

அப்போ, குணமாகிடுமா?

இங்கேதான் கவனம் தேவை. லிஸ் ஹார்ட்டெல் பதக்கம் வாங்கினார்; கால் சரியாகவில்லை. செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், உட்காரும் சமநிலையும் உடல் கட்டுப்பாடும் மேம்பட்டது தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பை இது மாற்றாது. வழக்கமான பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்வது இது. அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது பெரிய தவறு. ‘பத்தே நாள்ல நடக்க வெச்சுடுவோம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யார் ஏறக்கூடாது?

இடுப்பு மூட்டு விலகியவர்கள், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்கள், எலும்பு மிகவும் பலவீனமானவர்கள், படுக்கைப் புண் ஆறாதவர்கள் ஏறக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு கழுத்து எலும்பு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். ஆலை விபத்திலோ நெடுஞ்சாலை விபத்திலோ தண்டுவடம் பாதித்தவர்கள், முதுகெலும்பு நிலைபெற்றுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகே யோசிக்கலாம். உணர்வு இல்லாத இடத்தில் சேணம் உரசிப் புண்ணானால் வலி தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது.

போகும் முன் என்ன கேட்கணும்?

* சிகிச்சையைத் திட்டமிடுபவர் தகுதி பெற்ற தெரபிஸ்டா, குதிரைப் பயிற்சியாளர் மட்டும்தானா?
* குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இரு பக்கமும் துணைக்கு ஆட்கள் இருப்பார்களா?
* ஹெல்மெட் தருகிறார்களா? குதிரை சாதுவானதா, இதற்கென்றே பழக்கப்பட்டதா?
* டாக்டர் கடிதம் கேட்கிறார்களா? கேட்காமலே ஏற்றிவிடும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சுற்றுலாத் தலத்துக் குதிரை சவாரி எந்த வகையிலும் இதற்கு மாற்று ஆகாது.

செலவுக்கு வழி உண்டா?

இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பெற்றோருக்கு, ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குதிரைவழி சிகிச்சைக்கான ரசீது அதில் ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் குழந்தையைக் காட்டுங்கள். ‘இவனுக்கு இப்போ என்ன இலக்கு? தனியா உட்காரணுமா, பிடிச்சு நிக்கணுமா?’ என்று கேளுங்கள். அந்த இலக்குக்கு குதிரை உதவும் என்று தெரபிஸ்ட் சொன்னால் எல்லை தாண்டலாம். இல்லையென்றால் அந்தப் பணமும் நேரமும் பக்கத்திலேயே கிடைக்கும் தினசரிப் பயிற்சிக்குப் போகட்டும்.