வெளிச்சத்தின் பின்பக்கம் – 9: கயிற்றில் இறங்கிய விளக்குகள்

சென்ற வாரம் டிம்மர் பெட்டிகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் நியூயார்க்கின் மேற்கு 54ஆம் தெரு. ஸ்டூடியோ 54.

ஸ்டீவ் ரூபெல், இயான் ஷ்ரேகர் என்ற கூட்டாளிகள் 1977 ஏப்ரல் 26 அன்று திறந்த டிஸ்கோ அது. வாசலில் யாரைத் தடுத்தார்கள், உள்ளே எந்த நட்சத்திரம் யாரோடு ஆடினார் என்று எழுதிக் குவித்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது, ஆடியவர்களின் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்பதுதான்.

அந்தக் கட்டடம் 1927இல் காலோ ஆபரா ஹவுஸ் என்ற அரங்கமாகப் பிறந்தது. பிறகு சி.பி.எஸ். கைக்குப் போய் வானொலி, தொலைக்காட்சி ஸ்டூடியோவாக இருந்தது. டிஸ்கோ நடத்த வந்த வேறு யாராவது என்றால் மேடைக்கு மேலிருந்த கயிறுகளையும் கப்பிகளையும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இவர்கள் விட்டுவைத்தார்கள். அதைவிடப் புத்திசாலித்தனம், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஜூல்ஸ் ஃபிஷர், பால் மரான்ட்ஸ் இருவரையும் விளக்கமைக்க அழைத்தது. ஃபிஷர் பிராட்வே ஆள். 'பிப்பின்' இசை நாடகத்துக்காக 1973இல் டோனி விருது வாங்கியவர்.

படுதா ஏறி இறங்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மேலே, மேடையின் அகலத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அதைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் கப்பிகள் வழியாகப் பக்கச் சுவருக்குப் போய், எடைக்கட்டிகள் அடுக்கிய ஒரு சட்டத்தில் முடியும். குழாயில் 200 கிலோ தொங்கினால் சட்டத்திலும் 200 கிலோ. இரண்டும் சமமானால், ஒரே ஆள் கைக்கயிற்றைப் பிடித்து அத்தனை பாரத்தையும் ஏற்றி இறக்கலாம். ஏற்றம் இறைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் மீறக் கூடாத ஒரு வரிசை உண்டு. குழாய் கீழே இருக்கும்போது முதலில் விளக்கைக் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் மேல் பரணில் நிற்பவர் எடையை அடுக்குவார். கழற்றும்போது முதலில் எடை, அப்புறம் விளக்கு. மாறிப்போனால், பாரம் இழந்த குழாய் மேலே பறக்கும், எடைச்சட்டம் கீழே பாயும். கயிற்றைப் பிடித்திருப்பவர் உள்ளங்கைத் தோலோடு தப்பித்தால் அது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

அந்தக் குழாய்களில்தான் செங்குத்தான விளக்குத் தூண்கள் தொங்கின. பல்புகள் வரிசையாக ஓட, தூண்கள் ஆடுகிறவர்களுக்கு நடுவே இறங்கின, மறுபடி ஏறின. 'ஓட' என்கிறேனே தவிர எதுவும் ஓடுவதில்லை. வழக்கமான உத்தி, பல்புகளை நான்கு சுற்றுகளாகப் பிரிப்பது: 1, 5, 9 ஒரு சுற்று, 2, 6, 10 அடுத்தது. ஒன்று அணைய இன்னொன்று எரியும். ஓட்டம் நம் கண்ணில் நடக்கிறது. மூக்கருகே கொக்கெய்ன் கரண்டியோடு ஒரு பிறை நிலா முகமும் மேலிருந்து இறங்கியது. அந்தக் காலத்துக் கொழுப்பு!

கருப்பொருள் விருந்துகளுக்கு இந்தக் கொட்டகை வாகாக அமைந்தது இதனால்தான். 1978இல் பாடகி டாலி பார்ட்டனுக்காக வைக்கோலும் பண்ணை விலங்குகளும் உள்ளே வந்தன. தரைக்கு வைக்கோல் போட யாராலும் முடியும். ஆனால் அதன்மேல் நீல ஒளி விழுந்தால் மஞ்சள் செத்து அழுக்குச் சாம்பலாகிவிடும். ஆம்பர் விழுந்தால் அறுவடை நாள். என்னைக் கேட்டால், கருப்பொருள் விருந்துக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் பொருட்களுக்குக் கொட்டுவதில் பாதியை விளக்குக்கு ஒதுக்கினால் போதும்.

ஒன்று மட்டும் நாடகத்தில் இல்லாத தொல்லை. நடிகருக்கு ஒத்திகை உண்டு. எந்த நொடியில் எது இறங்கும் என்று தெரியும். விருந்தாளி குடித்திருப்பார், கையைத் தூக்கி ஆடுவார், தூணைப் பிடித்துத் தொங்கவும் பார்ப்பார். எனவே ஆள் தலைக்கு மேல் இறங்கும் எதற்கும் கயிற்றில் எல்லைக் குறி வேண்டும், ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்போடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி வேண்டும், கயிற்றடியில் நிற்பவருக்குக் கீழே நடப்பது தெரிய வேண்டும். அவர் குடிக்கவே கூடாது.

கட்டடம் 1998இல் மறுபடி நாடக அரங்கானது. வந்த நாடகம் 'காபரே', ஒரு இரவு விடுதியின் கதை!

குழாயை இறக்காமல், விளக்கே தலையைத் திருப்பி, நிறத்தையும் தானே மாற்றிக்கொண்டால்? 1981இல் ஜெனிசிஸ் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போன வாரி-லைட் அதைச் செய்து காட்டியது. அடுத்த வாரம் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)