பலகை கோணின் சிறகு கோணும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதுதல் வேண்டும் என்னும் பழமொழியை மாணாக்கர்க்குப் பன்முறை விளக்கியவன் யான். அதன் பொருளை எனக்கு விளக்கியது என் பேரன் செய்த ஒரு சிறு விமானம்.

அவனுக்குக் கிடைத்த பெட்டியில் மெல்லிய பால்சாக் குச்சிகளும் மென்தாளும் இறப்பர் நாடாவும் ஒரு வரைபடமும் இருந்தன. 1871 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துத் துயிலரிப் பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயது இளைஞர் முறுக்கிய இறப்பரின் விசையாற் பறக்கவிட்ட சிறுவிமானத்தின் வழிவந்ததே இதுவும். பால்சா என்பது ஸ்பானிய மொழியில் தெப்பத்தைக் குறிக்கும் சொல். நீரின் நிறையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே நிறையுள்ள இம்மரத்தைத் தாவரநூலார் வன்மர வகையிற் சேர்த்திருப்பது சொல்லாராய்வார்க்கு நல்ல வேடிக்கை.

வேண்டிய கருவிகள் சிலவே: சவரத்தகடு, குண்டூசிகள், மூலைமட்டம், கட்டையிற் சுற்றிய தேய்ப்புத்தாள், பசை. மழுங்கிய தகடு பால்சாவை வெட்டாது, நசுக்கும். ஆதலின் தகடு மாற்றுவதில் உலோபம் ஆகாது. பிளாஸ்ரிக் விமானம் பொருத்துவோர்க்கு ஊசி வேண்டா. வெட்டுவிரிப்பு ஒன்று போதும். அதன்மேற் சூடான தேநீர்க் கோப்பையை மாத்திரம் வைத்தலாகாது, விரிப்பு வளைந்துவிடும்.

பால்சா வேலைக்கோ பலகையே உயிர். வரைபடத்தைப் பலகைமேல் விரித்து, பசை பற்றாதிருக்க மெழுகுதாள் பரப்பி, கோடுகளின்மேற் குச்சிகளை வைத்து, ஊசிகளால் நிறுத்திப் பசையிடுவர். ஊசியைக் குச்சியின் இருமருங்கும் குத்துதலே நன்று; நடுவே குத்தின் மெல்லிய குச்சி பிளந்துபோகும். பசை காயும்வரை சிறகு எவ்வடிவிற் கிடந்ததோ அவ்வடிவே அதற்கு நிலைத்துவிடும்.

பேரனுக்கு யான் கொடுத்தது என் பழைய வரைதற்பலகை; பல மாரிகாலம் சுவரிற் சாய்ந்து கிடந்தது. விமானம் மூன்று முறை ஏவப்பட்டு, மூன்று முறையும் இடப்புறம் சரிந்து சுழன்று வீழ்ந்தது. வெட்டியது பிழை, ஒட்டியது பிழை, பொறுமையில்லை என்றெல்லாம் அவனைக் கடிந்தேன். அவன் மறுமொழி கூறாமற் சிறகை மேசைமேல் வைத்தான். ஒரு மூலை மேலெழுந்து நின்றது. பின்பு பலகையின் இருமுனையிலும் ஒரே உயரமுள்ள நேர்ச்சட்டங்கள் இரண்டை நிறுத்தி, ஒன்றன் மேல்விளிம்போடு மற்றதன் விளிம்பை ஒற்றைக் கண்ணால் ஒப்புநோக்கினான். தச்சர் செய்யும் சோதனை அது. விளிம்புகள் இணங்கவில்லை. ஓரங்களில் அடிமட்டம் வைத்தபோது நேராகத் தோன்றிய பலகை, மூலைக்கு மூலை முறுகியிருந்தது. முறுகிய சிறகின் ஒருபாதி மிகுதியாகத் தூக்கப்பட, மறுபாதி தாழும், விமானம் புரளும்.

“பலகைதான் பிழை, அம்மப்பா” என்றான். அக்குரலிற் சினம் இல்லாமையே எனக்குத் தண்டனையாயிற்று.

சிறகுநுனியைச் சிறிது முறுக்குமாறு சொல்லும் வரைபடங்களும் உண்டு. அங்கும் சமமான பலகைமேல் மெல்லிய துண்டொன்றை அடைகொடுத்தே உயர்த்துவர். அளந்து வைத்த முறுக்கு வேறு, அறியாது புகுந்த முறுக்கு வேறு.

இப்பொழுது தடித்த சமப்பலகையின்மேல், அறிவித்தற்பலகைக்கு இடும் மென்பலகையைப் பொருத்தியிருக்கிறோம். ஊசி இலகுவில் இறங்கி உறுதியாக நிற்கிறது. புதிய சிறகுக்குத் தாளொட்டி நீர் தெளித்தாயிற்று. தாள் காய்ந்து இறுகும்போதும் சிறகை வளைத்துவிடுமாதலின், மீண்டும் பலகையோடு சேர்த்து நிறுத்தி வைத்திருக்கிறான். நாளை மாலைவரை யான் அதனைத் தொடலாகாதாம்.