வெண்பனியில் ஒரு வழிகாட்டிப் பயணம்



நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் இருக்கிறது ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். இதன் முக்கிய ஊர் லாங்யியர்பியென். இங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலையே கிடையாது! பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிதான் போக்குவரத்து. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. அந்தப் பட்டைதான் வண்டியைத் தள்ளுகிறது.

அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் உதிப்பதில்லை. அதனால், வெளிச்சம் திரும்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. வழிகாட்டி முன்னே செல்ல, மற்றவர்கள் அவர் தடத்திலேயே வரிசையாகப் பின்தொடர வேண்டும். தடம் மாறினால் ஆபத்து. பனியாறுகளில் ஆழமான வெடிப்புகளைப் பனி மூடியிருக்கும்.

துருவக் கரடிகள் உலவும் இடம் என்பதால், வழிகாட்டி துப்பாக்கியும் வைத்திருப்பார். ஆனாலும் கரடியைத் தேடிப் போவதோ, துரத்துவதோ குற்றம். 2025 முதல் குறைந்தது 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். குட்டிகளோடு கரடிகள் வெளிவரும் காலம் அது. அந்தப் பனிவெளி அவற்றின் வீடு. விருந்தினராகப் போகும் நாம், விலகி நின்று பார்ப்பதே முறை.