நாய்க்குச் சொறி ஏன் வருகிறது?

கல்முனை, மருதமுனைக் கரையோரத் தெருநாய்களில் காணப்படும் மயிர் உதிர்ந்த சொறிக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிகள். இவை எட்டுக்கால் உயிரிகள், பூச்சியினம் அல்ல. முக்கியமானவை இரண்டு.

சார்கோப்டிஸ் அரை மில்லிமீற்றரும் இராது. பெண் உண்ணி தோலின் மேற்படையைக் குடைந்து முட்டையிடும். சுமார் 3 வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். உண்ணியின் கழிவுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையே தாங்கமுடியாத அரிப்பு. காதோரம், முழங்கை, வயிறு முதலில் பாதிக்கப்படும். நாய்கள் ஒன்றோடொன்று உரசிப் படுப்பதால் தொற்று விரைந்து பரவும். மனிதருக்கும் தொற்றிக் கடிக்கும். ஆனால் மனிதத் தோலில் அதனால் பெருக முடியாது.

டெமோடெக்ஸ் வேறு கதை. தாயிடம் பால் குடிக்கும் நாட்களில் குட்டிக்கு வந்து, மயிர்க்காலில் சத்தமின்றி வாழும். நோயெதிர்ப்புச் சக்தி குன்றினால் மட்டுமே பெருகி மயிரை உதிர்க்கும். மனிதருக்குத் தொற்றாது.

தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தே இரண்டையும் பிரித்தறிவர். சார்கோப்டிஸ் அதிலும் அடிக்கடி தப்பிவிடும். அப்போது அறிகுறியை நம்பியே மருந்து கொடுப்பதுண்டு. சொறிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கம் மோசமானது: நாய் நக்கினால் நஞ்சேறும். ஐவர்மெக்டின் என்ற மருந்து பலன் தரும். எனினும் கொலி போன்ற சில இன நாய்களின் மூளையை அது தாக்கும் என்பதால் மிருக வைத்தியரே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.